வினைச்சொல்லின் நடுவே ஓர் இடைவெளி

நம் விமர்சனத்தில் 'சொல்' பற்றிப் பேசாத கட்டுரை குறைவு. சொற்சிக்கனம் என்கிறோம், சொல்லின் கனம் என்கிறோம், ஒரு சொல்லை உருவினால் கவிதை சரிந்துவிடும் என்கிறோம். ஆனால் சொல் எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பதை மட்டும் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் மாதிரி விட்டுவிடுகிறோம். அச்சில் இடைவெளி விழுகிற இடத்தில் சொல் முடிகிறது என்பதுதான் நாம் பேசாமல் ஒப்புக்கொண்டிருக்கும் இலக்கணம். அது கம்பாஸிட்டர் வகுத்த இலக்கணம்.

பாரசீக மொழி இந்த நிச்சயத்தைக் குலைக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கும் மேலாகக் கவிதை எழுதப்பட்டுவரும் அந்த மொழியில் பெரும்பாலான வினைகள் ஒரு சொல்லா இரண்டு சொல்லா என்று அறுதியிட முடியாதவை. அது எப்படி நேர்ந்தது, அந்த மொழிக்காரர்கள் அதை எப்படி எதிர்கொண்டார்கள் என்ற சரித்திரத்தில் நமக்கும் காரியம் இருக்கிறது என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன். எனக்குத் தெரிந்த பாரசீகம், பாங்க் வேலை முடிந்த மாலைகளில் ஆன் லாம்டனின் இலக்கணத்தையும் (1953) ஸ்டைன்காஸின் அகராதியையும் (1892) வைத்துக்கொண்டு கற்றது. அதைத் தாய்மொழியாகப் பேசுகிறவனின் காது எனக்குக் கிடையாது. ஆனால் அந்நியனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. சொந்தக்காரன் கவனிக்காமல் உடுத்திக்கொண்டு போகும் தையல் அந்நியன் விரலில் தட்டுப்படும்.

1

பேசுவதைப் பாரசீகத்தில் 'ஹர்ஃப் ஸதன்' என்கிறார்கள். ஹர்ஃப் என்றால் பேச்சு. ஸதன் என்றால் அடிப்பது. பேச்சை அடிக்கிறார்கள். கீழே விழுவது 'ஸமீன் கோர்தன்', அதாவது தரையைத் தின்பது. ஜலதோஷம் பிடிப்பது 'ஸர்மா கோர்தன்', குளிரைத் தின்பது. கற்பது 'யாத் கெரெஃப்தன்', ஞாபகத்தை எடுப்பது. கற்பிப்பது 'யாத் தாதன்', ஞாபகத்தைக் கொடுப்பது. தோற்கடிப்பது தோல்வியைக் கொடுப்பது. தோற்பது தோல்வியைத் தின்பது. முன்னால் ஒரு பெயர், பின்னால் செய், கொடு, அடி, தின், எடு, வை, ஆகு என்கிற சிறிய வினைகளில் ஒன்று. இந்தப் பத்துப் பதினைந்து சிறு வினைகள்தான் மொழியின் பாரத்தில் பெரும்பகுதியைச் சுமக்கின்றன. தனியாக நிற்கக்கூடிய எளிய வினைகள் எத்தனை என்று ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். எந்தக் கணக்கிலும் அவை சில நூறைத் தாண்டுவதில்லை.

இவை சொற்கள் என்று வாதிடுவது சுலபம். பொருள் கூட்டலில் கிடைப்பதில்லை. தரையையும் தின்பதையும் தனித்தனியாகத் தெரிந்தவனுக்கு விழுவது தெரியாது. உள்ளே ஏற்கெனவே ஒரு பெயர் உட்கார்ந்திருக்கும்போதே முழு வினையும் வெளியே இன்னொரு செயப்படுபொருளை ஏற்கிறது: 'அலீ ரா ஷெகஸ்த் தாத்', அலியைத் தோற்கடித்தான். கூட்டு அப்படியே இறுகிப் புதுச் சொற்களைப் பெறுகிறது. தோல்வி தின்றவன் 'ஷெகஸ்த்கோர்தே'. அந்த நிலைமை 'ஷெகஸ்த்கோர்தெகீ'. இதையெல்லாம் ஒரு சொற்றொடர் செய்யாது.

இவை சொற்றொடர்கள் என்று வாதிடுவதும் அதே அளவு சுலபம். எதிர்மறை முன்னொட்டான 'ந' கூட்டின் தலையில் வந்து ஒட்டாது. நடுவே புகுந்து வினையோடு ஒட்டும். எதிர்காலத் துணைவினையும் நடுவேதான் வரும்: 'ஹர்ஃப் காஹம் ஸத்', பேசுவேன். பெயருக்கு அடை கொடுக்கலாம். அப்போது கூட்டு கதவு திறந்த வீடு மாதிரி ஆகிவிடுகிறது. 'கார் கர்த்' என்றால் வேலை செய்தான், உழைத்தான். 'காரெ கூபீ கர்த்' என்றால் நல்ல காரியம் செய்தான். முதலில் ஒரு வினை, இரண்டாவதில் ஒரு வினையும் அதன் செயப்படுபொருளும். இரண்டுக்கும் நடுவில் ஒரு அடைமொழிதான் வித்தியாசம்.

இதன் உச்சம் என்று எனக்குத் தோன்றுவது தெஹ்ரானில் பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்கிற ஒரு சாதாரண வாக்கியம்: 'தூஸ்தத் தாரம்'. உன்னை நேசிக்கிறேன். 'தூஸ்த்' நண்பன், 'தாஷ்தன்' வைத்திருப்பது, கொள்வது. இரண்டும் சேர்ந்து நேசிப்பது. 'அத்' என்பது உன்னை. அந்த 'உன்னை' வினைக்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. வினையின் வயிற்றுக்குள் இருக்கிறது. இதையே எதிர்மறையாக்கினால் 'தூஸ்தத் நதாரம்'. நட்பு அப்படியே நிற்கிறது, நீயும் நிற்கிறாய், கொள்வதுதான் மறுக்கப்படுகிறது. எதிர்காலமாக்கினால் 'தூஸ்தத் காஹம் தாஷ்த்'. இப்போது வினையின் இரண்டு பாதிகளுக்கு இடையே நீயும் இருக்கிறாய், வருங்காலமும் இருக்கிறது.

இலக்கணக்காரர்கள் இதோடு மல்லுக்கட்டியிருக்கிறார்கள். 1997இல் தபீர்மொகத்தம் இவற்றை இரண்டு வகையாகப் பிரித்தார். ஒன்று, வேறுவேறு பகுதிகள் இணைந்து ஆனது. இன்னொன்று, செயப்படுபொருள் தன் உருபை இழந்து வினைக்குள் அடங்கியது. 'கஸா ரா கோர்தம்' என்றால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். 'கஸா கோர்தம்' என்றால் வெறுமனே சாப்பிட்டேன். எந்தச் சாப்பாடு என்ற கேள்விக்கு அங்கே இடமில்லை. சோற்றைத் தின்றவனையும் சோறு தின்றவனையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல. தொக்கு நிற்பது ஒரே சொல்லாக நடப்பதைப் பற்றித் தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில் யோசித்திருக்கிறது. 2003இல் அடேல் கோல்ட்பெர்க் எழுதிய கட்டுரை இன்னொரு தீர்வைச் சொன்னது: நடுவே எதுவும் புகுந்து பிரிக்காத வரையில் இவற்றைச் சொல்லாகவே கொள்வோம். விவேகமான தீர்வுதான். ஆனால் பிரிக்கப்படும் வரை ஒன்று என்பது சொல்லுக்கு இலக்கணமாகுமா? எனக்கு அது மனித உறவுகளின் இலக்கணம் மாதிரிப் படுகிறது.

2

சரித்திரத்துக்கு வருகிறேன். இந்தப் பழக்கம் அரபியின் தாக்கத்தால் வந்தது என்று பொதுவாக ஒரு எண்ணம் இருக்கிறது. அதில் பாதிதான் உண்மை. கி.மு. 520ஐ ஒட்டி தாரயவுஷ் மன்னன் பெஹிஸ்தூன் மலையில் வெட்டுவித்த கல்வெட்டிலேயே போர் புரிந்ததைச் சொல்லப் போர், செய் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வருகின்றன: 'ஹமரணம் அகுமா', போரைச் செய்தோம். இன்றைய பாரசீகன் 'ஜங் கர்தன்' என்கிறான். சொற்கள் மாறிவிட்டன. இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷமாக வார்ப்பு மாறவில்லை.

ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம் உண்டு. கல்வெட்டில் 'ஹமரணம்' என்பதன் கடைசியில் உள்ள 'அம்' இரண்டாம் வேற்றுமை உருபு. அது இருக்கும் வரை பெயர் பெயர்தான், வினை வினைதான். நடுவில் ஒரு வரப்பு இருக்கிறது. ஸாஸானியர் காலத்துப் பஹ்லவிக்கு வருவதற்குள் வேற்றுமை உருபுகள் உதிர்ந்துவிட்டன. பெயர் மொட்டையாக வினையின் பக்கத்தில் நின்றது. வரப்பு கரைந்தால் இரண்டு வயலும் ஒன்றாகத் தெரியும். நான் புரிந்துகொண்ட வரையில் இந்தச் சந்தேகப் பிரதேசம் அங்கேதான் பிறக்கிறது. அரபு வரும்போது இடம் தயாராக இருந்தது.

ஏழாம் நூற்றாண்டில் ஸாஸானியப் பேரரசு அரபியரிடம் வீழ்ந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் எழுத்துலகில் அரபியே கோலோச்சியது. பத்தாம் நூற்றாண்டில் புகாராவைத் தலைநகராகக் கொண்ட ஸாமானியர் ஆதரவில் பாரசீகம் மறுபடி உரைநடையாக எழுந்தபோது அதன் முதல் பெரிய வேலைகளில் ஒன்று மொழிபெயர்ப்பாக இருந்தது. தபரீயின் அரபு வரலாற்றை பல்அமீ 963இல் பாரசீகமாக்கத் தொடங்கினார். அரபு வினை மூன்று மெய்யெழுத்துக்களின் உள்ளே உயிரெழுத்துக்களை மாற்றி மாற்றி இயங்குவது. அதை அப்படியே தூக்கிவந்து பாரசீக விகுதி சேர்க்க முடியாது. எனவே அரபியின் தொழிற்பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு அதன் பின்னால் ஒரு 'கர்தன்' வைத்தார்கள். 'ஃபெக்ர் கர்தன்' யோசிப்பது, 'ஸப்ர் கர்தன்' காத்திருப்பது, 'ஹரகத் கர்தன்' அசைவது. 'கர்தன்' இருந்த இடத்தில் 'ஷொதன்' போட்டால் செயப்பாட்டு வினையும் ஆயிற்று. 1140களில் நஸ்ருல்லா முன்ஷி பஞ்சதந்திரக் கதைகளை அரபி வழியாகக் 'கலீலா வ திம்னா' என்று பாரசீகத்தில் எழுதியபோது உரைநடையில் அரபுப் பெயர்ச்சொற்கள் குவிந்துகிடந்தன. ஆனால் காலம் காட்டுவதும், இடம் காட்டுவதும், மறுப்பதும் இன்னமும் பாரசீகமாகவே இருந்தது. வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் தங்கலாம், சாவி மட்டும் இந்தக் கையில்.

நேராக வினையாக்கப்பட்ட அரபுச் சொற்கள் மிகச் சில: 'ஃபஹ்மீதன்' புரிந்துகொள்வது, 'ரக்ஸீதன்' நடனமாடுவது, 'தலபீதன்' வேண்டுவது. அந்த வழி அதிகமாகத் திறக்கவில்லை. அதற்கு மாறாக, சொந்த எளிய வினைகளே ஒவ்வொன்றாகக் கூட்டுக்கு இடம் கொடுத்து விலகின. 'கெரீஸ்தன்' (அழு) போய் 'கெர்யே கர்தன்' (அழுகை செய்) வந்தது. 'நெகரீஸ்தன்' (நோக்கு) போய் 'நெகாஹ் கர்தன்' (நோக்குச் செய்) வந்தது. 'ஆகாஸீதன்' (தொடங்கு) போய் 'ஆகாஸ் கர்தன்' வந்தது. இவற்றில் அரபி சம்பந்தமே இல்லை. பெயரும் பாரசீகம், வினையும் பாரசீகம். அரபுச் சொற்களை உள்ளே விடுவதற்காக அகலமாக்கிய பாதையில் மொழி தானே நடக்க ஆரம்பித்துவிட்டது.

3

இந்தக் கூட்டுகளில் சில ஒரு காலத்தில் நேரான வாக்கியங்களாக இருந்தவை. ஆணையிடுவதை 'ஸௌகந்த் கோர்தன்' என்கிறார்கள். நேர்ப்பொருள், ஆணையைத் தின்பது. ஏன் தின்ன வேண்டும்? 'ஸௌகந்த்' என்பதன் வேர் அவெஸ்தாவில் கந்தகத்தைக் குறிக்கும் ஒரு சொல் என்று அறிஞர்கள் விளக்குகிறார்கள். குற்றம் சாட்டப்பட்டவனைக் கந்தகம் கலந்த நீரைக் குடிக்கவைத்து உண்மையைச் சோதிக்கும் வழக்கம் வீதேவ்தாத் என்ற அவெஸ்தாப் பகுதியில் பேசப்படுகிறது. 'கோர்தன்' என்ற வினை தின்பதற்கும் குடிப்பதற்கும் பொது. ஆகவே அது உருவகமே அல்ல, நடந்த காரியம். அவன் நிஜமாகவே குடித்தான்.

பிறகு சோதனை மறைந்தது. கந்தகம் மறந்துபோயிற்று. அரபியிலிருந்து சத்தியத்துக்கு 'கஸம்' என்ற சொல் வந்தபோது அதுவும் அதே வினையின் முன்னால் உட்கார்ந்து 'கஸம் கோர்தன்' ஆயிற்று. அரபியில் யாரும் சத்தியத்தைத் தின்னவில்லை. பாரசீகத்துக்கு வந்ததால் தின்ன நேர்ந்தது. அங்கிருந்து ஹிந்துஸ்தானிக்குப் போய் 'கஸம் கானா' ஆகி, இன்றும் வட இந்தியாவில் கோடிக்கணக்கானவர்கள் சத்தியத்தைத் தின்றுகொண்டிருக்கிறார்கள். நாக்கில் பட்ட ஒரு கசப்பு மொழியின் வடிவமாக மட்டும் மிஞ்சி, காரணம் தெரியாத தேசங்களுக்கெல்லாம் பயணம் செய்திருக்கிறது.

தின்பது அனுபவிப்பதாக மாறுவது பாரசீகத்துக்கு மட்டும் உரியதல்ல. அடிபடுவதைப் பாரசீகன் 'கொதக் கோர்தன்', அடி தின்பது, என்கிறான். நம்மிடம் அடியுண்டான், கட்டுண்டான், வெட்டுண்டான் இருக்கின்றன. இதில் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. வலியை வாய் வழியாக உள்ளே போவதாகக் கண்ட இரண்டு மொழிகள், அவ்வளவுதான்.

4

இருபதாம் நூற்றாண்டில் இது சண்டைக்குரிய விஷயமாயிற்று. 1935இல் ரேஸா ஷா ஆட்சியில் ஏற்பட்ட ஃபர்ஹங்கெஸ்தான் என்ற மொழிக்கழகம் அரபுப் பெயர்களை நீக்கிப் பாரசீகப் பெயர்களை வைப்பதில் ஈடுபட்டது. நகரசபைக்கும் நீதித்துறைக்கும் புதுப் பெயர்கள் வந்தன, நிலைத்தும்விட்டன. பெயர்ச்சொல்லை மாற்ற ஆணை போதும். வினையின் எலும்பு ஆணைக்குக் கட்டுப்படுவதில்லை.

வினையைப் பற்றிய உண்மையான கேள்வியைக் கேட்டவர் மொழியியலாளர் முகம்மது ரேஸா பாத்தெனி (2021இல் காலமானார்). 1989இல் 'ஆதீனே' பத்திரிகையில் பாரசீகம் மலட்டு மொழியா என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதினார். வாதம் இது: எளிய வினையிலிருந்து தொழிற்பெயர், கருத்தாப் பெயர், பெயரடை என்று கொத்துக் கொத்தாகச் சொற்கள் பிறக்கும், கூட்டுவினையிலிருந்து அந்தச் சரளத்தோடு பிறப்பதில்லை. புதிய எளிய வினைகளை உண்டாக்குவதை மொழி நிறுத்திவிட்டால் அறிவியல் எழுதும் சக்தி வற்றிவிடும். பரிகாரம், பெயர்ச்சொல்லிலிருந்து தைரியமாக வினைகளைச் செய்வது. இதற்கு முன்மாதிரியும் இருந்தது. கொலாம்ஹோஸேன் முஸாஹெபின் மேற்பார்வையில் வந்த கலைக்களஞ்சியம் (முதல் தொகுதி 1966) அயனியாவதற்கு 'யொனீதன்' என்று ஒரே சொல்லில் வினை வைத்தது.

பாத்தெனியின் கவலையை நான் மதிக்கிறேன். தூய்மைவாதிகளின் கவலையைவிட அது ஆழமானது. அவருக்குச் சொல்லின் பிறப்பிடம் பிரச்சினையில்லை. அதன் கர்ப்பம்தான் பிரச்சினை. ஆனால் மலடு என்ற தீர்ப்பை ஏற்க முடியவில்லை. 'ஷெகஸ்த்கோர்தெகீ' போன்றவை கூட்டும் பெறும் என்பதற்குச் சாட்சி. மேலும், அறிவியலுக்குக் கருவி தேடுகிறவர் இடைவெளியைக் குறையாகக் காண்பது நியாயம். கவிஞனுக்கு அந்த இடைவெளி வேறு விதமாகப் பயன்படுகிறது. செவ்வியல் கவிதையில் சிறு வினை முன்னே பாய்ந்துவிடலாம். பெயர் பல சொற்கள் தள்ளி வந்து சேரலாம். செய்தான் என்று கேட்டுவிட்டு என்ன செய்தான் என்று காத்திருக்கிற காது அது. எளிய வினைகளும் முற்றாகச் சாகவில்லை. அழுகை செய்கிறவனின் நடுவே 'கெரீஸ்தன்' என்று ஒருவன் எழுதினால் அந்த அழுகைக்கு வயது கூடிவிடுகிறது. பேச்சுக்கு ஒன்று, ஆழத்துக்கு ஒன்று என்று கவிஞனிடம் இரண்டு நாணயங்கள்.

அஹ்மத் ஷாம்லூ (1925–2000) இரண்டையும் செலவழித்தவர். பதினோராம் நூற்றாண்டு பைஹகீயின் உரைநடையிலிருந்து தன் கவிதைக்கு நடை எடுத்துக்கொண்டார். அதே மனிதர் தெருப் பேச்சை வருஷக்கணக்காகத் திரட்டி 'கெதாபெ கூச்சே' என்ற பெரும் தொகுப்பாக 1978 முதல் வெளியிடலானார். அவருக்கு முன்னால் ஸாதெக் ஹெதாயத் பம்பாய்க்கு வந்து ஒரு பார்ஸி அறிஞரிடம் பஹ்லவி கற்றார். 'குருட்டு ஆந்தை' நாவலின் சில பிரதிகளை 1936இல் அங்கேதான் கையெழுத்துப் படியாகப் பெருக்கினார். ஐம்பது பேருக்குப் போதுமான ஸ்டென்ஸில் இதழ் நடத்தியவர்களுக்கு இந்தத் தகவல் ஆறுதலாக இருக்கும். செத்த மொழியை முறையாகக் கற்ற அவர் அதன் வினைகளைத் தூக்கிவந்து கதைகளில் ஒட்டவைக்கவில்லை. 'அலவியே கானம்' முழுக்க வசவும் கொச்சையுமான வாய்ப்பேச்சு. பழமையை அறிந்திருப்பது வேறு, பழமை பேசுவது வேறு.

5

நம்மோடு இதற்கு நேரான ஒரு தொடர்பு உண்டு. அது என் மேஜை மேலேயே இருக்கிறது. செக்கை வசூல் செய்கிறோம், ஆணையை ரத்து செய்கிறோம், கட்டாத கடனுக்கு ஜப்தி செய்கிறார்கள், வெறுத்துப்போனவன் ராஜினாமா செய்கிறான். வொஸூல் கர்தன், ரத் கர்தன், ஸப்த் கர்தன். ஆர்க்காட்டு நவாபுகளின் கச்சேரிகளிலும் கும்பெனியின் தஸ்தாவேஜுகளிலும் புழங்கிய பாரசீகம் பெயரை மட்டும் கொடுத்தது. கர்தன் இருந்த இடத்தில் நாம் 'செய்'யை வைத்தோம். அதாவது அரபியிடம் பாரசீகம் செய்ததைப் பாரசீகத்திடம் நாம் செய்தோம். தெஹ்ரானில் இன்று பாட்டை டேப்பில் பதிவதும் 'ஸப்த் கர்தன்'தான். இங்கே அமீனா வந்து பாத்திரங்களை எடுத்துப்போவது ஜப்தி. ஒரே பெயர், ஒரே வார்ப்பு, இரண்டு சத்தங்கள்.

இப்போது ஆங்கிலத்திடமும் அதையே செய்கிறோம். ஃபோன் பண்ணுகிறோம், டைப் பண்ணுகிறோம். இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் 'ஃபோன்' மேல் பழி போடுகிறார்கள். 'பண்ணினாளா', 'பண்ணமாட்டான்', 'பண்ணாதே' என்பதில் காலமும் பாலும் மறுப்பும் யாருடையவை என்று பார்ப்பதில்லை. பயப்பட வேண்டிய இடம் வேறு. பாரசீகத்தில் நடந்த மாதிரி, கடன் வாங்காத இடத்திலும் நம் எளிய வினைகள் விலக ஆரம்பித்துவிட்டன. 'முயன்றான்' போய் 'முயற்சி செய்தான்', 'ஆராய்ந்தான்' போய் 'ஆராய்ச்சி செய்தான்', 'உதவினான்' போய் 'உதவி செய்தான்'. தினப்பத்திரிகையை ஒரு பக்கம் படித்தால் போதும். இதில் எந்த அந்நியச் சொல்லும் இல்லாததால் தூய்மைவாதி இதைக் காண்பதே இல்லை. நம் கவிஞர்களிடம் எளிய வினை இன்னும் உயிரோடு இருக்கிறது. அதை எங்கே வைப்பது, கூட்டை எங்கே வைப்பது என்று அவர்கள் தெரிந்து வைக்கிறார்களா என்பதுதான் விமர்சகன் கேட்க வேண்டியது. நாம் சொற்களை எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக, மொழிபெயர்ப்பு. ஃபரூக் ஃபரோக்ஸாதும் ஷாம்லூவும் நம் பத்திரிகைகளுக்கு ஆங்கிலம் வழியாகத்தான் வந்து சேர்கிறார்கள். ஆங்கிலத்தில் நேசிப்பது ஒரே சொல், தையல் இல்லாதது. அதிலிருந்து நாம் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்று பெயர்க்கிறோம். பாரசீகத்தில் இருந்த பிளவும், பிளவுக்குள் இருந்த 'நீ'யும் காணாமல் போகின்றன. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் இல்லாத வசதி நம்மிடம் இருக்கிறது. பிரியம் வைத்தாள் என்கிறோம். பிரியம் நிறைய வைத்தாள், பிரியமும் வைத்தாள், பிரியம் உன்மேல் வைத்தாள், பிரியம் வைக்கவில்லை என்றெல்லாம் நடுவே எதையும் புகவிடுகிறோம். 'தூஸ்தத் தாரம்' என்பதற்கு 'பிரியம் உன்மேல் வைத்திருக்கிறேன்' என்பது முற்றிலும் சரியாகாது. 'அத்' என்பதன் குறுகல் அதில் வரவில்லை, நான்கு அசை ஆறேழு அசையாகப் பெருத்துவிட்டது. ஆனாலும் வினை எங்கே பிளக்கிறது என்பதும், பிளந்த இடத்தில் யார் நிற்கிறார்கள் என்பதும் வாசகனுக்குக் கேட்கும். பாரசீகக் கவிதையை மொழிபெயர்க்க உட்காரும் நண்பர்கள் ஆங்கிலப் பிரதியோடு ஸ்டைன்காஸின் அகராதியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். வினை வரும் இடத்திலாவது அதைத் திறந்து பார்க்க வேண்டும்.